சதகுப்பையும் கெளுத்தியும்

வியட்நாம் தலைநகர் ஹனோயோட பழைய நகரத்தில் ஒரு தெருவுக்கே மீன் பலகாரத்தின் பேர்: சா கா தெரு. முன்னே அது பெயின்ட் விக்கிற தெருவாம். ஒரு குடும்பத்தோட மீன் கடை பிரபலமாகி, தெருப் பேரையே மாத்திடுச்சு.

நேத்து ராத்திரி அங்கே ஒரு பழைய கடை. குறுகலான மரப்படி ஏறி மாடி. மெனு கார்டைத் தேடினேன். எத்தனை பேர்னு விரலைக் காட்டிக் கேட்டாங்க, அவ்வளவுதான். மஞ்சளும் அரத்தையும் பிரட்டி, கரியடுப்பில் சுட்ட கெளுத்தித் துண்டுகள் மேசையிலேயே எண்ணெய்ச் சட்டியில் சீறுது. மேலே சதகுப்பைத் தழையும் வெங்காயத்தாளும் கை நிறைய. நம்ம ஊர்ல பிள்ளை பெத்தவளுக்கு மருந்தில் சேர்க்கிற அதே சதகுப்பை! இங்கே கீரை மாதிரி அள்ளிப் போடுறாங்க.

கிண்ணத்தில் அரிசி சேமியா, அதுமேல மீன், வறுத்த வேர்க்கடலை, கடைசியா மாம் தோம். புளிக்கவச்ச இறால் விழுது. எலுமிச்சை பிழிஞ்சு, சர்க்கரை போட்டு நுரைக்க அடிக்கணும். வாசனை? கருவாட்டுக் கூடைக்குள்ள தலையை விட்ட மாதிரி. பக்கத்து மேசைப் பாட்டி என் முகத்தைப் பார்த்துச் சிரிச்சிட்டு, அவங்களே ஒரு ஸ்பூன் ஊத்திட்டாங்க.

விலை கொஞ்சம் கூடுதல்தான். மூணாவது கிண்ணத்துல மீன் காலி. வெறும் சேமியாவில் அந்த விழுதைப் பிசைஞ்சு தின்னுட்டிருந்தேன். சட்டை இன்னும் மணக்குது.