அம்மாவின் கண்ணும் என் மரபணுவும்

"இந்தக் கோடு ஏன்டா வளைஞ்சிருக்கு?" என்றார் அம்மா, காலண்டர் கட்டத்தைத் தொட்டுக் காட்டி. கோடு நேராகத்தான் இருந்தது. பரிசோதித்ததில் வயது சார்ந்த மாகுலா சிதைவு என்று தெரிந்தது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோய்.

எனக்கும் வருமா என்று அன்றிலிருந்து தேடித்தேடிப் படிக்கிறேன். 2005-இல் பெரிய தடயம் கிடைத்திருக்கிறது: முதலாம் குரோமோசோமில் உள்ள சி.எஃப்.ஹெச் மரபணு. அது தரும் புரதம், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் ஒரு பகுதி எல்லை மீறாமல் கடிவாளம் போடுகிறது. அந்தப் புரதத்தின் 402-ஆம் இடத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் என்ற வேறொன்று வந்தால் பிடி தளர்ந்துபோகிறது; இந்நோய் வரும் ஆபத்து கூடுகிறது. ஒரே ஓர் எழுத்துப் பிழை! இதை நினைத்தால் இன்னும் நெஞ்சு பதைக்கிறது. அப்புறம் பத்தாம் குரோமோசோமில் ஏ.ஆர்.எம்.எஸ்.2 பகுதி. 2016-க்குள் இப்படி இந்நோயோடு தொடர்புள்ள 34 இடங்களை மரபணுத் தொகுப்பில் கண்டுவிட்டார்கள்.

சரி, இந்த இடங்களில் பிழை இருந்தால் நோய் வந்தே தீருமா? இல்லை. ஆனால் புகைபிடித்தால் ஆபத்து இன்னும் கூடும். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால், ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடிக் கட்டம் போட்ட தாளைப் பாருங்கள். கோடு நெளிந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

தம்பியிடம் சிகரெட்டை விடச் சொல்லி நேற்றும் கெஞ்சினேன். யோசிக்கிறேன் என்றான்.