பாமினி பைலை விம் மக்ரோவால யுனிகோட் ஆக்கினது, இதுவரைக்கும்

என்ட சித்தப்பா 2000களில தம்பலகாமம், மூதூர் பக்கமெல்லாம் திரிஞ்சு கேட்டு எழுதின குளத்துப் பேர், மீன் பேர் எல்லாம் பாமினியில (இங்கிலீசு எழுத்துகளையே தமிழாக் காட்டுற பழைய எழுத்துரு) கிடக்கு. இடையிடையே இங்கிலீசும் வாறதால மொத்தமா கொன்வேர்ட்டரில போட ஏலாது, எனக்கு வேணுமான வரியை மட்டும் மாத்தோணும். அதான் விம் எண்ட டெக்ஸ்ட் எடிட்டர்.

முதல்ல ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மாத்துற கட்டளை எண்டு வரிசையா எழுதினன், பெரிய பிழை. என்ட செட்டிங் சின்ன எழுத்து பெரிய எழுத்து பாக்காம தேடுறது, பாமினியில சின்ன எஃப் எண்டா 'க', பெரிய எஃப் எண்டா 'கு', ரெண்டும் 'க' ஆகிட்டுது. கந்தளாய்க் குளம் கந்தளாய்க் களமாப் போச்சு 😂

பிறகுதான் எல்லாத்தையும் ஒரு டிக்ஷனரிக்குள்ள, அதாவது 'இது வந்தா இது' எண்டு சோடி சோடியா வைக்கிற அட்டவணைக்குள்ள, போட்டன் (விம் 7ல, 2006ல வந்த வசதி இது). பிடிபடுற துண்டை அதில தேடும், இருந்தா மாத்தும், இல்லாட்டி இருந்தபடியே விடும். டிக்ஷனரி பெரிசு சின்னன் பாக்கும், அதால குளம் திரும்பி வந்திட்டுது.

ஆனா திருகோணமலை 'திருேகாணமைல' எண்டு வந்திச்சு, சொந்த ஊர் பேரே! ஏனெண்டா 'கோ'வுக்கு பெரிய என், சின்ன எஃப், சின்ன எச் எண்டு மூண்டு அடிக்கோணும், நான் வெறும் கொம்பையும் தனியா அட்டவணையில வச்சிருந்தன், டிக்ஷனரிக்கு ஒழுங்கு வரிசை இல்லை, 'இது அல்லது அது' எண்டு குடுத்தா விம் முதல்ல பொருந்துறதை எடுத்திட்டுப் போயிடும், பின்னால நீளமானது நிண்டாலும் பாக்காது. சாவிகளை (அட்டவணையில இருக்கிற பாமினித் துண்டுகளை) நீளமானது முதல் வாற மாதிரி அடுக்கிட்டு, விம் தேடுற பற்றனைக் கட்டினன், சரி வந்திட்டுது. கெ, கே, கை, கொ, கோ, கௌ எண்டு 18 மெய்க்கும் ஆறாறு, 108 வரியைக் கையால அடிக்க எனக்கென்ன விசரா, லூப் போட்டு உண்டாக்கினன்.

அடுத்தது 'கூ'. அதுக்கு பாமினியில டொலர் குறி, விம் அதை வரி முடிவு எண்டு நினைக்குது, 'கூட்டம்' மாறவே இல்லை. பற்றனுக்கு முன்னால பின்சாய்கோடும் பெரிய வியும் போட்டா, பின்சாய்கோடு மாதிரி ஒண்டு ரெண்டைத் தவிர மற்றக் குறியெல்லாம் வெறும் எழுத்தாகிடும்.

இப்ப மாட்டிக்கிடக்கிறது கெளிறு மீன். 'ள'வும் 'கௌ'வின்ட கடைசிக் குறியும் பாமினியில ஒரே எஸ், அதால 'கௌிறு' எண்டு வருது. எஸ்ஸுக்குப் பின்னால விசிறியோ (இ, ஈ குறி) புள்ளியோ வந்தா அது 'ள' எண்டு ஒரு விதி போட்டன், கெளிறு தப்பிட்டுது. பின்னால ஒண்டும் வராத இடத்துக்கு விதி இல்லை, அந்தச் சொல்லுகளுக்கு தனியா ஒரு சின்ன அட்டவணை, அதை முதல்ல தேடுற மாதிரி வச்சிருக்கிறன். இதுவரைக்கும் அதில ஏழு சொல்லு, சித்தப்பாட்ட இன்னும் ரெண்டு கொப்பி அளவு பைல் கிடக்கு.