ஹோம்பேஜை மாற்றிப் பயனில்லை, அதை மாற்றுவது எது என்று தேடணும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவுக்குக் கொலுசுப் பட்டறை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் குரோமில் வெள்ளி விலை பார்ப்பார், மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். திடீரென்று அந்த இடத்தில் பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வர ஆரம்பித்தது. எதைத் தேடினாலும் முகவரி இரண்டு மூன்று தளங்களுக்குத் தாவித்தான் விடை வரும், அதிலும் மேலே இருப்பதெல்லாம் விளம்பரம். இப்படிச் சுற்றிவிடுவதில்தான் அதைச் செய்தவனுக்குக் காசு.

பக்கத்து சர்வீஸ் கடையில் "வைரஸ்ங்க, ஃபார்மட் அடிச்சாதான் போகும்" என்று சொல்லிவிட்டார்கள். டேலி கணக்கு, பழைய ஜிஎஸ்டி பில் எல்லாம் அந்த மெஷினில்தான் இருக்கிறது. மாமா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். இந்த மாதிரி விஷயத்துக்கு ஃபார்மட் என்பது பெரும்பாலும் சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

முதலில் கண்ட்ரோல் பேனலில் நிறுவிய மென்பொருள்களைத் தேதி வரிசையில் போட்டுப் பார்த்தேன். பில்களை ஒரே பிடிஎஃப் ஆக்க யாரோ இறக்கிய இலவச மென்பொருள் ஒன்று, அதே தேதியில் யாரும் கேட்காத இன்னும் இரண்டு. இன்ஸ்டால் செய்யும்போது 'ரெகமண்டட்' என்பதை அழுத்தினால் இப்படி ஒட்டிக்கொண்டு வரும், 'கஸ்டம்' போனால்தான் டிக் எடுக்க வழி தெரியும். மூன்றையும் நீக்கினேன். அதில் ஒன்று போகிற போக்கில் 'வைத்துக்கொள்' என்று பெரிய பச்சை பட்டனும், 'நீக்கு' என்று கண்ணுக்கே தெரியாத சாம்பல் எழுத்தும் காட்டியது, கைகாரப் பயல்கள்.

குரோம் செட்டிங்ஸில் ஹோம்பேஜையும் தேடுபொறியையும் மாற்றினேன். சரியாகிவிட்டது என்று ரீஸ்டார்ட் செய்தால், "என்ன கண்ணு, போயிருச்சுன்னு சொன்னியே, மறுபடியும் அங்கயே நிக்குது" என்கிறார் மாமா.

அதாவது ஹோம்பேஜ் வெறும் அறிகுறிதான், பின்னால் இருந்து எதுவோ அதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. குரோமின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்தால் கடைசியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று ஒரு வரி. நாலு பேர் உட்கார்ந்து சலங்கை கோக்கிற பட்டறையில் ஏது ஐடி டிபார்ட்மெண்ட்! எக்ஸ்டென்ஷன் (குரோமோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்) பக்கத்தில் புதிதாக ஒன்று இருந்தது, அதற்கு 'ரிமூவ்' பட்டனே இல்லை, நிர்வாகி நிறுவியது என்று மட்டும் போட்டிருந்தது.

பெரிய கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் 'பாலிசி' வசதியை இந்தப் பயல்கள் இப்படித் திருடிக்கொள்கிறார்கள். முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் எந்தெந்த பாலிசி ஓடுகிறது என்று காட்டும். ஹோம்பேஜுக்கு ஒன்று, தேடுபொறிக்கு ஒன்று, கட்டாயமாக நிறுவும் எக்ஸ்டென்ஷன் பட்டியல் ஒன்று. அந்தப் பட்டியலில் இருக்கும் 32 எழுத்து ஐடியை, எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் டெவலப்பர் மோட் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றேதான்.

இதை அழிப்பதில் வரிசை முக்கியம். முதலில் டாஸ்க் ஷெட்யூலர், அதாவது குறித்த வேளையில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் வசதி. அங்கே ஏதோ 'அப்டேட்' என்ற அப்பாவிப் பெயரில், லாகின் ஆனதும் ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டும் ஒரு டாஸ்க் இருந்தது. இதை விட்டுவிட்டு, விண்டோஸ் தன் செட்டிங்ஸையெல்லாம் (இந்தப் பாலிசிகளையும்) எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த லாகினில் எல்லாம் திரும்ப வந்துவிடும். டாஸ்க்கையும் ஸ்கிரிப்டையும் அழித்த பிறகு ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்று உள்ளே போய், முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, அந்தக் குரோம் கீயை நீக்கினேன். கரண்ட் யூசரின் கீழும் அதே இடத்தைப் பார்க்கணும். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் இதைச் செய்யாதீர்கள், அங்கே பாலிசி நிஜமாகவே கம்பெனியுடையதாக இருக்கும். ரீஸ்டார்ட் செய்ததும் அந்த எக்ஸ்டென்ஷனும் போனது, அப்புறம் குரோமின் ரீசெட். ரீசெட்டில் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது. ஆனால் பாலிசி இருக்கும்வரை ரீசெட் மட்டும் செய்து பலனில்லை.

அப்படியும் டாஸ்க்பார் ஐகானை அழுத்தினால் மட்டும் அந்தப் பக்கம் வந்தது! ஐகானின் பிராப்பர்ட்டீஸில் 'டார்கெட்' பெட்டிக்குள் கர்சரைக் கடைசிவரை நகர்த்திப் பார்த்தால், குரோம் டாட் இஎக்ஸ்இ முடிந்த இடத்துக்கு அப்பால் அவன் தள முகவரி. பெட்டி குட்டியாக இருப்பதால் சும்மா பார்த்தால் தெரியாது. டெஸ்க்டாப் ஷார்ட்கட்டிலும் அதேதான். இரண்டையும் தூக்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

மிச்சம் மீதியைத் தேடித் துடைக்க மால்வேர்பைட்ஸ் கம்பெனியின் அட்வ்கிளீனர், இலவசம், நிறுவவும் வேண்டாம். அசல் தளத்தில் மட்டும் எடுங்கள். பழைய வீடியோக்களில் சொல்கிற குரோம் கிளீனப் டூலைத் தேடாதீர்கள், கூகுள் அதை 2023-லேயே எடுத்துவிட்டது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோலுக்குள் வேண்டாத ஆப்களைத் தடுக்கும் வசதி அணைந்து கிடந்தது, போட்டுவிட்டேன். அதே ஜிமெயிலில் ஓடும் வீட்டு லேப்டாப்பிலும் தேடுபொறியைச் சரிபார்த்தேன், ஒரே கணக்கில் ஓடும் குரோம்களுக்குள் செட்டிங்ஸைப் பகிரும் சிங்க் வழியாக அங்கேயும் போயிருந்தது. பேங்க், ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை மாமா தன் போனிலேயே மாற்றிக்கொண்டார்.