ஸ்ட்ரூப் அறிக்கைகளைத் திருத்தும்போது

உளவியல் துறையில் டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலை என்றால் பாதி நேரம் திருத்துவதிலேயே போகும். தொடக்கநிலை ஆய்வக வகுப்பில் அடிக்கடி வருவது ஸ்ட்ரூப் சோதனை. 'சிவப்பு' என்ற சொல் பச்சை மையில் இருக்கும். மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரூப் இதை 1935-இல் வெளியிட்டார்.

சொல்லும் மையின் நிறமும் ஒத்துப்போகும் எளிய பட்டியல், இரண்டும் முரண்படும் கடினப் பட்டியல் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். 24 மாணவர்களும் இரண்டு பட்டியலையும் செய்திருந்தால் அது ஜோடி டி-சோதனை, அதாவது ஒரே ஆட்களின் இரண்டு அளவுகளை ஒப்பிடும் சோதனை. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (இங்கே ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 23. அறிக்கையில் 46 என்று இருந்தால், இரு தனிக்குழுக்களுக்கான சோதனையைப் போட்டிருக்கிறார்கள். வெறுமனே மதிப்பெண்ணைக் குறைக்காமல், "ஒரே ஆள்தானே இரண்டையும் செய்தார்?" என்று ஓரத்தில் எழுதுங்கள். அந்த ஒரு வரியில் பலருக்கும் விஷயம் பிடிபட்டுவிடும். பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) 'பி = .000' என்று இருந்தால், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளின் பழைய பதிப்பு காட்டியதை அப்படியே எடுத்து எழுதியது. ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) முறைப்படி 'பி < .001' என்று வர வேண்டும்.

எல்லோரும் எளிய பட்டியலையே முதலில் செய்தார்களா என்றும் பாருங்கள். பாதிப் பேருக்கு வரிசையை மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் பழக்கமும் களைப்பும் முடிவோடு கலந்துவிடும்.

தயவுசெய்து தாள் தாளாகத் திருத்தாதீர்கள். பெயரை மறைத்து, எல்லோருடைய செய்முறைப் பகுதியையும் முடித்த பிறகே முடிவுகள் பகுதிக்குப் போங்கள். முன்னுரை அழகாக இருந்தால் புள்ளியியலுக்கும் கை தாராளமாகிவிடும். உளவியலாளர் தார்ன்டைக் 1920-இல் எழுதிய ஒளிவட்ட விளைவு இதுதான். முதலில் திருத்திய ஐந்து தாள்களைக் கடைசியில் இன்னொரு முறை பாருங்கள்.