குடும்ப மரம் கீறிய நாள்

மாங்குளம் பக்கம் நான் நேர்ஸாக இருந்த கிளினிக்குக்கு ஒரு பிள்ளை தன் தாயைக் கூட்டிவந்தாள். அம்மாவுக்கு 54 வயது. செத்தவீட்டில் சிரிக்கிறாவாம். சீனிப் போத்தலை எங்கே ஒளித்தாலும் தேடி எடுத்துத் தின்கிறாவாம். நான் இரத்தம் எடுத்துப் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, மற்றக் கையால் மேசையிலிருந்த தோடம்பழ இனிப்பை எடுத்துத் தாளோடு வாயில் போட்டுவிட்டா.

இதற்கு எங்கள் ஊரில் இரண்டே பேச்சுத்தான். வயது போனவர் என்றால் 'அறளை பேந்திட்டுது'. இல்லையென்றால் 'சண்டையில பட்ட பாடு'. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டொக்டருக்கு வேறு சந்தேகம்: மூளையின் முன்பக்கம் பழுதாகிக் குணமோ பேச்சோ மாறுகிற ஒருவகை மறதிநோய். குடும்ப மரம் கீறச் சொன்னார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே கோடு. ஒரே மரபணுவின் பழுதால் வரும் பரம்பரை மறதிநோய் என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு, மரத்தில் தெரியவேண்டும். நான் கீறிய தாளில் அம்மாவின் சகோதரங்கள் நாலு பேருக்கும் கோடு. மூன்று பேர் 2009இல், ஒருவர் அதற்கு முதலே. நோய் தொடங்கும் வயதை ஒருவரும் காணவில்லை. அம்மம்மா மட்டும் கடைசிக் காலத்தில் கதையை விட்டுவிட்டாவாம்.

டொக்டர் ஜிஆர்என் மரபணுவைச் சொன்னார். அதன் பழுது இந்த நோயைத் தரும் என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அது பழுதான ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் குணம் மாறும், இன்னொருவருக்குப் பேச்சுப் போகும். இரண்டு பிரதியில் ஒன்று கெட்டாலே புரோகிரானுலின் என்ற புரதம் பாதிக்கு விழுந்துவிடும். அது இரத்தத்திலேயே தெரியும், நோய் தொடங்க முன்னமே. செத்தவர்களை விசாரிக்கத் தேவையில்லை. நரம்பிழை உடைந்தால் கசிகிற நியூரோஃபிலமென்ட் லைட் என்ற இன்னொரு புரதம் அப்படியல்ல. பல நோய்களில் ஏறும், சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயாளிகளைப் பார்த்த எனக்கு அதை மட்டும் நம்பப் பயம்.

எங்கள் லாபில் இதெல்லாம் இல்லை. தைரொய்ட், பி12 பார்த்தோம், சரியாக இருந்தன.

"மிஸ்ஸி, அந்தச் சோதினை செய்தா எனக்கு வருமோ எண்டும் தெரிஞ்சிடுமோ?"

"அம்மாவுக்கு அதுதான் எண்டால், தெரியும் பிள்ளை." தடுக்க மருந்தில்லை என்பதையும் சொல்லவேண்டியிருந்தது.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். தன் வட்டத்துக்குக் கீழே விரலை வைத்து, "என்ர மகனை நீங்கள் கீறேல்லையே" என்றாள்.

ஒரு சின்னக் கட்டம் கீறினேன்.