குலவணிகர்புரம் கேட்டில் சூடாகும் ஏசி

நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டும்போது நன்றாகக் குளிர்ந்த காரின் ஏசி, பாளையங்கோட்டைக்குத் திரும்பிக் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் நின்றதும் வெதுவெதுப்பான காற்றை ஊதத் தொடங்கியது. இதே குறைக்காக ஒரு பட்டறையில் ஏற்கெனவே இரண்டு முறை, "கேஸ் குறைஞ்சிருக்கு அண்ணாச்சி" என்ற விடையைப் பெற்றுப் பணமும் கட்டியிருந்தேன். மூன்றாம் முறை போவதற்கு மனம் வராமல், ஏசிக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும், இரட்டை முள் கொண்ட கேஜ் செட் ஒன்றை வாங்கினேன்.

கேஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதன்று. கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் சூடான ஆவி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்சரில் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைக் கடந்து அழுத்தம் குறைந்தபின், டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் மீண்டும் ஆவியாகி, உள்ளிருக்கும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. ஆகவே கேஸ் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்ததில் எந்த இணைப்பிலும் குமிழி எழவில்லை.

முதல் நாள் காலை, எஞ்சினை இயக்காமல் பார்த்தபோது இரு முள்களும் 97 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) அருகே நின்றன. கேஸ் சரியாக இருக்கிறது என்று அரைநாள் மகிழ்ந்தேன். உள்ளே சிறிதளவு திரவம் இருந்தாலும், 30 டிகிரி வெப்பத்தில் என் ஏசியில் உள்ள ஆர்-134ஏ என்ற கேஸ் அந்த எண்ணைத்தான் காட்டும் என்பதை அதன் பிறகுதான் படித்து அறிந்தேன்.

நண்பகலில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்ததில் உண்மை வெளிப்பட்டது. தாழ்வழுத்த முள் 60-இல் நிற்க, உயரழுத்த முள் 350-ஐத் தாண்டி ஏறியது. கேஸ் குறைந்திருந்தால் இரண்டுமே தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைக் கண்டன்சரின் மேல் மெல்ல ஊற்றியதும் முள் 240-க்கு இறங்கி, காற்றும் குளிர்ந்தது. நான்கு வழிச்சாலையில் எதிர்க்காற்று செய்துவந்த வேலையை, நின்றிருக்கும்போது மின்விசிறி செய்யவில்லை.

விசிறிக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே கெட்டிருக்கும் என்று ஊகித்துப் புதியதை மாற்றியது வீண்செலவு. விசிறிக்குச் செல்லும் கனெக்டரைக் கழற்றியபோதுதான் உள்முனை ஒன்று கருகிப் பிளாஸ்டிக்கும் உருகியிருப்பதைக் கண்டேன். அதை மாற்றியதும் விசிறி சுழன்றது. ஆனாலும் அழுத்தம் 290-க்குக் கீழே வரவில்லை. அப்படியானால் பட்டறையில் இருமுறை ஏற்றிய கேஸே மிகுதியாக இருக்க வேண்டும்.

அதைக் காற்றில் திறந்துவிடுவது தவறு. அந்த வாயு கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கும். எனவே கேஸை வெளியே விடாமல் உறிஞ்சிச் சேமிக்கும் ரெக்கவரி மெஷின் வைத்திருக்கும் வேறொரு கடைக்குச் சென்றேன். பானட்டின் உட்புற ஸ்டிக்கரில் 450 கிராம் என்றிருக்க, மெஷின் உறிஞ்சியெடுத்ததோ 610 கிராம். அரைமணி நேரம் வேக்குவம் போட்டு (உள்ளே மிஞ்சிய காற்றை உறிஞ்சியெடுத்து), எடையிட்டு 450 கிராம் மட்டும் ஏற்றச் சொன்னேன்.

இப்போது நிழலில் 36 டிகிரி இருக்கும்போது, முள்கள் 38, 225 எனக் காட்டுகின்றன; நின்ற இடத்திலேயே காற்று 9 டிகிரிக்கு வருகிறது. நேற்று அதே கேட்டில் இரண்டு ரயில்கள் கடக்கும் வரை நின்றிருந்தும் குளிர் குறையவில்லை. கனெக்டரின் புதிய முனைகள் சூடாகின்றனவா என்பதை மட்டும் ஒரு மாதம் கழித்துக் கழற்றிப் பார்க்க வேண்டும்.