நேர்காணலில் தேறினேன், பி.எஃப். கணக்கில் சிக்கினேன்

பொறியியல் வடிவமைப்புக்கான கேட் (CAD) மென்பொருள் உருவாக்கும் ஒரு பெங்களூரு நிறுவனத்தில் சி பிளஸ் பிளஸ் நிரலாளர் பணிக்கு விண்ணப்பித்து, எல்லாச் சுற்றுகளிலும் தேறி, ஆஃபர் லெட்டரும் வாங்கிய பிறகு, அந்த வேலை கைநழுவிப் போய்விடுமோ என்று நான் தூக்கமின்றிக் கிடந்ததற்குக் காரணம் கணிதமோ நிரலோ அல்ல. எப்போதோ விட்டு வந்த ஒரு சிறிய நிறுவனம் என் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம்தான்.

இணையவழித் தேர்வு வழக்கமானதே. தொழில்நுட்பச் சுற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் லிங்க்டு லிஸ்ட், டைனமிக் புரோகிராமிங் என்று தயாராகி வருகிறார்கள். இங்கே கேட்பது வடிவியல். ஒரு புள்ளி பலகோணத்துக்குள் இருக்கிறதா என்று கண்டறியச் சொன்னார்கள். புள்ளியிலிருந்து நீளும் கதிர் விளிம்புகளை ஒற்றைப்படை முறை வெட்டினால் அது உள்ளே இருக்கிறது என்று எழுதுவது எளிது. அந்தக் கதிர் சரியாக ஒரு முனை வழியே போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும்போதுதான் உண்மையான நேர்காணல் தொடங்குகிறது. ஒவ்வொரு விளிம்பிலும் கீழ்முனையைக் கணக்கில் சேர்த்து மேல்முனையை விட்டுவிட வேண்டும் என்றதும், அதுவரை இறுகியிருந்த நேர்காணல் செய்தவரின் முகம் சற்றுத் தளர்ந்தது. இரண்டு டபுள் எண்கள் (கணினியில் தசம எண்களைச் சேமிக்கும் வகை) சமமா என்று நேரடியாக ஒப்பிடலாமா என்றும் கேட்பார்கள். 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் கணினியில் துல்லியமாக 0.3 வராது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்; ஒரு திருகுக்கும் ஒரு பாலத்துக்கும் ஒரே டாலரன்ஸ், அதாவது பொறுத்துக்கொள்ளும் பிழை அளவு, பொருந்தாது என்பதையும் சொல்லுங்கள்.

ஆஃபரை ஏற்ற பிறகுதான் பின்னணிச் சரிபார்ப்பைத் தொடங்குகிறார்கள். அதற்குள், கையில் இருக்கும் வேலையை ராஜினாமா செய்து நோட்டீஸ் காலமும் ஓடத் தொடங்கிவிடுகிறது. பி.எஃப். உறுப்பினர்களுக்கான யுஏஎன் தளத்தில் கிடைக்கும் பணி வரலாற்றைப் பதிவேற்றிய சில நாட்களில், நான் ஒரே சமயத்தில் இரு நிறுவனங்களில் வேலை பார்த்ததாகச் சரிபார்ப்பு முகமை குறிப்பெழுதிவிட்டது. 2022-இல் மூன்லைட்டிங் (ஒரு வேலையில் இருந்துகொண்டே தெரியாமல் இன்னொரு வேலையும் பார்ப்பது) விவகாரம் பெரிதானதிலிருந்து இந்தப் பதிவை உற்றுப் பார்க்கிறார்கள். என்னுடைய பழைய கோவை நிறுவனமோ, நான் வெளியேறிய தேதியைப் பதியவே இல்லை. ரிலீவிங் லெட்டரைக் காட்டியும் முகமை அசையவில்லை.

மின்னஞ்சல்களுக்குப் பதிலில்லாததால் நேரிலேயே போனேன். அரைநாள் காக்கவைத்த பிறகு, "பி.எஃப். எல்லாம் வெளியில இருக்கிற கன்சல்டன்ட் பார்க்கிறாருங்க, அவருக்கு ஒரு மெயில் போட்டுருங்க" என்றார் அங்கிருந்த அலுவலர். பதில் வராத மின்னஞ்சல்கள் எல்லாம் அந்த முகவரிக்கு அனுப்பியவைதான்.

ரயிலில் திரும்பும்போது, முன்பின் தெரியாத சக பயணி ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: 2020 ஜனவரி முதல் வெளியேறிய தேதியை ஊழியரே யுஏஎன் தளத்தில் பதிந்துகொள்ளலாம், நிறுவனத்தின் தயவு தேவையில்லை. வேலையை விட்டு இரண்டு மாதம் கழிந்திருக்க வேண்டும். ஆதாருடன் இணைத்த கைபேசிக்கு ஓடிபி வரும். நிறுவனம் கடைசியாகப் பணம் செலுத்திய மாதத்துக்குள் அடங்கும் தேதியையே தர முடியும். அந்தத் தேதி ரிலீவிங் லெட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பதியுங்கள், ஏனெனில் பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. நான் நடைமேடையிலேயே நின்று பதிந்து முடித்தேன். அடுத்த வாரம் முகமையின் ஆட்சேபம் நீங்கியது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட வரவில்லை.

ஆதாரில் தந்தை பெயர் முழுதாகவும், பட்டச் சான்றிதழில் வெறும் முன்னெழுத்தாகவும் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி கையொப்பத்துடன் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தொலைபேசியில் எவ்வளவோ விளக்கியும் ஏற்காத முகமை, அந்தப் பத்திரத்தைக் கண்டதும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.